கேம்பர் வான் வாசலில் லமினேட் உரிகிறதா? பசை வாங்குமுன் வெட்டு விளிம்பைப் பாருங்கள்

கேம்பர் வானுக்குள், அதாவது வீடாக மாற்றிய வானுக்குள், சுவரில் ஒட்டிய லமினேட் முதலில் உரியும் இடம் எது என்று கேட்டால், யோசிக்காமல் வாசலைக் காட்டலாம். படுக்கைப் பக்கச் சுவர் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். ஏறி இறங்கும் கதவைச் சுற்றியுள்ள நாலு விரல் அகலம் மட்டும் நுனி கிளம்பும், கையில் தட்டுப்படும், கடைசியில் யாருடைய பையிலாவது கொளுவி ஒரு துண்டோடு பிய்ந்து வரும்.

இதைச் சரிசெய்ய பெரிய கருவிகள் தேவையில்லை. முதல்தடவை கை வைப்பவரும் செய்யலாம். ஆனால் அதிகமானோர் செய்வது, ஹாட்வெயார் கடைக்குப் போய் ஒரு ரியூப் பசை வாங்கி, கிளம்பிய நுனிக்குள் பிதுக்கி, அழுத்திவிட்டுப் போவது. மாரி தொடங்க அது திரும்பவும் கிளம்பும். உரிந்தது வெளியே தெரியும் விளைவுதான்; காரணம் அதற்குப் பின்னால், பலகையின் வெட்டு விளிம்பில் இருக்கிறது. அந்த விளிம்பை மூடாமல் எவ்வளவு நல்ல பசை பூசினாலும் காசுக்குத்தான் கேடு.

இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி, தனிப்பட்ட வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. இப்போதும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பழைய கோஸ்டர், ரோசா பஸ்ஸையோ ஹையேஸ் வானையோ வீடாக மாற்றி வைத்திருப்பவர் அதைப் பேணத்தான் வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வாசலில் மட்டும் ஏன்?

உட்சுவர் என்பது பெரும்பாலும் 3 மில்லிமீற்றர் பிளைவூட், அதன் முகத்தில் ஒட்டிய மெல்லிய லமினேட், அவ்வளவுதான். நடுச்சுவரில் பிளைவூட்டின் முகம் மூடப்பட்டிருக்கும். வாசலுக்காகச் சுவரை வெட்டிய இடத்தில்தான் அதன் வெட்டுமுகம் திறந்து கிடக்கிறது. மரம் தண்ணீரைக் கூடுதலாக உறிஞ்சுவது நார்கள் வெட்டுப்பட்ட அந்த முனையால்தான். ஈரம் ஏறினால் பலகை ஊதும், காய்ந்தால் சுருங்கும். மேலே உள்ள லமினேட் அதே அளவுக்கு ஊதவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. இந்த இழுபறியில் தோற்பது இடையில் இருக்கும் பசை.

இதோடு வெயில் சேர்கிறது. திருகோணமலையில் ஆனி, ஆடி மாத மத்தியானம் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளியில் நிறுத்திய வானுக்குள் கை வைக்க முடியாத சூடு ஏறும். சாதாரணப் பசை அந்தச் சூட்டில் இளகும். அந்த நேரம் பார்த்துக் கதவை அடித்துச் சாத்தினால் இளகிய இடம் கழன்றுகொடுக்கும். கடலில் குளித்துவிட்டு வருபவர் ஈரக்கையால் பிடித்து ஏறுவதும் அதே விளிம்பைத்தான். ஹபரணைப் பக்கமிருந்து நீளப் பயணம் ஓடி வரும்போது வானின் வெளிக்கூடு முறுகி நெளிவதும் கதவுத் துவாரத்தின் மூலைகளில்தான் கூடத் தெரியும். அதனால்தான் மேல் மூலைகள் இரண்டும் முதலில் கிளம்புகின்றன.

எப்போது செய்வது?

வைகாசி முதல் ஆவணி வரை, கச்சான் காற்று வீசும் காலத்தில். மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று மரத்தை உலர்த்துவதற்கு எந்த மெசினையும் விட நல்லது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்துவிட்டால் பலகைக்குள் இருக்கும் ஈரம் இலகுவில் போகாது. அந்தக் காலத்தில் உரிந்தால், கிளம்பிய நுனியை மாஸ்கிங் ரேப்பால் பிடித்து வைத்துவிட்டு, மாசி கழியும்வரை பொறுத்திருப்பது நல்லது. மாஸ்கிங் ரேப் என்றுதான் சொல்கிறேன். பெட்டி கட்டும் பழுப்பு ரேப்பை ஒட்டினால், எடுக்கும்போது நிறத்தையும் சேர்த்து உரித்துவிடும்.

உங்களுடையது என்ன லமினேட்?

இது தெரியாமல் பசை வாங்கக்கூடாது. பொதுவாக மூன்று வகை இருக்கும்.

விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லுப்போல இருந்து, நுனியை வளைத்தால் சடக்கென்று முறிவதுபோல இருந்தால் அது போமிக்கா. 1 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தட்டத் தடிப்பு இருக்கும். வெட்டுமுகத்தில் மண்ணிறக் கோடு தெரியும். பல அடுக்குக் கடதாசியைப் பிசினில் நனைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்தது அது. பசை நன்றாகப் பிடிக்கும், வளைத்தால்தான் உடையும்.

நகம் அழுந்தி, நுனி ரப்பர்போல வளைந்தால் வைனில். தொழிற்சாலையில் செய்து வந்த மோட்டார் ஹோம் சுவர்களில் இதை அடிக்கடி காணலாம். சூட்டுக்கு இளகும், வயதாகச் சுருங்கும். விளிம்பிலிருந்து 2, 3 மில்லிமீற்றர் உள்ளே இழுபட்டு நிற்கிறது என்றால் அது சுருங்கிவிட்டது என்று அர்த்தம். இழுத்து நீட்டி ஒட்டாதீர்கள். அடுத்த வெயிலில் பழைய இடத்துக்கே போகும்.

மூன்றாவது கடதாசி. வெறும் அச்சுத்தாள், மேலே மெல்லிய பூச்சு. ஓரத்தைக் கிள்ளினால் கிழியும். ஈரம் பட்டுக் கிழிந்த கடதாசியைத் திரும்ப ஒட்டி அழகு பார்க்க முடியாது. அந்தப் பகுதியைச் சுரண்டிவிட்டு மேலே வேறொன்றை ஒட்டுவதுதான் வழி.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இந்த வேலையில் பாதி இதுதான். முதலில் ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து வாசலைச் சுற்றித் தட்டிக்கொண்டு வாருங்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் சத்தம் கெட்டியாகக் கேட்கும், விட்டுப்போன இடத்தில் பொள்ளென்று கேட்கும். அந்த எல்லையைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். கண்ணுக்கு ஒரு சாண் உரிந்ததாகத் தெரிந்தால், காசு அதைவிடக் கூடக் காட்டும்.

அப்புறம் கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். மேலே அகன்று கீழே குறுகினால் தண்ணீர் கூரைப் பக்கத்தால், கதவுக்கு மேலுள்ள மழைத்தகட்டுச் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) வெடிப்பால் வருகிறது. கீழே அகன்று மேலே குறுகினால் படியிலிருந்தும் ஈரக்கால்களிலிருந்தும் தரை வழியாக ஏறுகிறது. இடுப்புயரத்தில் மட்டும் என்றால் அது பெரும்பாலும் கைபட்ட தேய்வு, ஒழுக்கு இல்லை. ஸ்டேப்பிள் பின் இருந்த இடங்களில் புள்ளி புள்ளியாகத் துருக்கறை தெரிந்தால், அங்கே ஈரம் கனகாலமாக நிற்கிறது. கடற்கரையில் நிறுத்தும் வானில் இது சீக்கிரம் வரும். உப்புப் படிந்த இடம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

சந்தேகம் தீர ஒருவர் வானுக்குள் ரோர்ச் லைட்டோடு நிற்க, இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பை மெதுவாகப் பிடிக்க வேண்டும். கீழிருந்து தொடங்குங்கள். முதலில் படி, அப்புறம் கதவின் பக்கம், கடைசியில் மழைத்தகடு, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வடியும் தண்ணீர் எல்லா இடத்திலும் நுழைந்து, எது ஓட்டை என்று பிரித்தறிய முடியாது. தண்ணீரை வேகமாகப் பீச்சியும் அடிக்கக்கூடாது. நல்ல ரப்பரையும் தாண்டி உள்ளே போகும்.

ஒழுகும் இடம் தெரிந்ததும் பழைய சீலன்டை முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு, வெளியே பொலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். பழையதற்கு மேல் புதியதை அப்புவது நிற்காது. வினாகிரி மணம் வரும் சிலிக்கன் வேண்டாம். அது இறுகும்போது வெளிவரும் அமிலம் தகட்டை அரிக்கும். அதோடு சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ரும் பிடிக்காது, பசையும் பிடிக்காது. கதவு ரப்பர் நசிந்து தட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

காயவிட்டு, பலகையைச் சோதித்தல்

உரிந்த லமினேட்டை மெதுவாகத் தூக்கி, பின்னால் ஈர்க்குத் துண்டுகளைச் செருகிக் காற்றுப் போக விடுங்கள். வைனில் என்றால் ஹெயார் டிரையரால் சற்றுச் சூடாக்கினால் இணங்கி வரும். கை பொறுக்கும் சூடு போதும். போமிக்காவை அதிகம் வளைக்காதீர்கள், முறிந்தால் முறிந்ததுதான்.

எத்தனை நாள் காய வேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்ல முடியாது. சோதிக்கும் வழி சொல்கிறேன். தெளிவான பொலித்தீன் துண்டொன்றை அந்தப் பலகையில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி இரவு விடுங்கள். காலையில் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்க்காமல் இருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

காய்ந்த பலகையை ஒரு குத்தூசியால் அங்கங்கே குத்துங்கள். முனை மட்டும் இறங்கி நின்றால் பலகை நல்லது. தடையில்லாமல் உள்ளே போனால், அல்லது அடுக்குகள் புத்தகத் தாள்களாகப் பிரிந்தால், அந்தப் பகுதி உக்கிவிட்டது. உக்கலின் மேல் ஒட்டிப் பயனில்லை. நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிப்பில் மரைன் பிளைவூட் துண்டு வைக்க வேண்டும். வெட்டு ஒரு சாணுக்கு மேல் போனாலோ, கதவுச் சட்டமே ஆடினாலோ, ஓர் ஓடாவியாரை, அதாவது தச்சரைக் கூப்பிடுங்கள். ஊரில் வள்ளம் திருத்தும் ஆட்களுக்கும் ஈரம் பட்ட பலகையின் குணம் நன்றாகத் தெரியும்.

வெட்டு விளிம்பை மூடுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப் போகும் படி இதுதான். நான் ஒன்றை மட்டும் செய்யச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

வாசலைச் சுற்றிய பிளைவூட் வெட்டுமுகத்தை 120ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தூசி தட்டுங்கள். இரண்டு பாகமாக வரும் எபொக்சியைச் சொன்ன அளவில் கலந்து, பழைய பிரஷ் ஒன்றால் அந்த முகத்தில் மட்டும் பூசுங்கள். முதல் பூச்சை மரம் குடித்துவிடும், பூசியதே தெரியாது. அது இறுகியதும் இரண்டாவது. அது பளபளவென்று மேலே நிற்கும். எபொக்சி கிடைக்காவிட்டால் வெளிவேலைக்கான பொலியூரித்தேன் வார்னிஷ் மூன்று பூச்சு. கொட்பே துறைமுகப் பக்கம் பைபர் படகுக்குப் பூசும் பொலியஸ்டர் ரெசினை வாங்கி வந்து பூசலாமா என்று கேட்பார்கள். அது மரத்தில் எபொக்சி அளவுக்குப் பிடிக்காது; படகுக்கு நல்லது, இதற்கு வேண்டாம்.

பூசும்போது லமினேட்டின் முகத்தில் படாமல் மாஸ்கிங் ரேப் ஒட்டிக்கொள்ளுங்கள். லமினேட் ஒட்ட வேண்டிய பலகை முகத்திலும் எபொக்சி வழிய விடாதீர்கள்.

ஒட்டுதல்

போமிக்காவுக்கும் வைனிலுக்கும் ஏற்றது ரின்னில் வரும் மஞ்சள் கன்டாக்ட் பசை, செருப்புத் தைப்பவர் பூசும் அதே வகை. வைனிலுக்கு வாங்கும்போது ரின்னில் வைனில் அல்லது பிவிசிக்குப் பொருந்தும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சுப்பர் குளூ வேண்டாம். இறுகினால் கண்ணாடிபோல ஆகி, வான் குலுங்க விட்டுப்போகும்.

பாதுகாப்பு முதலில். இந்தப் பசையின் ஆவி பற்றிக்கொள்ளும், தலையும் சுற்றும். காஸ் சிலிண்டரை மூடி, முடிந்தால் வெளியே எடுத்து வையுங்கள். எல்லாக் கதவும் யன்னலும் திறந்திருக்கட்டும். பசை ஈரமாக இருக்கும்போது ஹெயார் டிரையரைக் கிட்டக் கொண்டு போகவே கூடாது. சுவருக்குப் பின்னால் ரிஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) அடித்திருந்தால் பசை அதில் வழிய விடாதீர்கள், கரைத்துவிடும்.

பழைய பசையைப் பட்டித் தகட்டால் சுரண்டி எடுங்கள். மிச்சத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைக்கலாம். ஆனால் தின்னர் வைனில் முகத்தில் பட்டால் மினுக்கம் போய்விடும், மறைவான மூலையில் பரீட்சித்துப் பாருங்கள். உப்புப் படிவை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, திரும்பக் காயவிடுங்கள். கடைசியாக இரண்டு பக்கத்தையும் 120ஆம் நம்பர் தாளால் இலேசாகச் சொரசொரப்பாக்குங்கள்.

இனிப் பசை. பலகையிலும் பூச வேண்டும், லமினேட்டின் முதுகிலும் பூச வேண்டும். மெல்லிய, ஒரே சீரான பூச்சு. பலகை குடித்துவிட்டால் அதற்கு மட்டும் இரண்டாவது பூச்சு. பூசியதும் ஒட்டக்கூடாது! புதியவர்கள் பிழைவிடுவது இங்கேதான். ஆவி பறந்து போகும்வரை இரண்டையும் பிரித்தே வைத்திருக்க வேண்டும். ரின்னில் 10 முதல் 20 நிமிடம் என்று இருக்கும். கச்சான் வீசும்போது அதைவிடச் சீக்கிரம் காயும், மழைக்காலத்தில் பிந்தும். அதனால் மணிக்கூட்டைப் பார்க்காமல் விரலைக் கேளுங்கள். புறவிரலால் தொட்டால் பலாப்பால்போல இழுபடக்கூடாது, ஆனால் ஒரு பிடிப்பு இருக்க வேண்டும். அந்தப் பிடிப்பும் போய்விட்டால் காய்ந்து கடந்துவிட்டது. இன்னொரு மெல்லிய பூச்சுப் பூசித் திரும்பக் காத்திருங்கள்.

நேரம் காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய தகட்டில் பசை மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக நிற்கும். ஈரப்பதம் கூடிய நாளில் பூச்சின் மேல் வெண்மையாகப் பனித்ததுபோலப் படர்ந்தால், பசை குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் இறங்கியிருக்கிறது. அப்படியே ஒட்டினால் பிடிக்காது. காயவிட்டு இன்னொரு பூச்சுப் பூசுங்கள்.

இந்தப் பசைக்கு இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது. தொட்டால் பிடித்தது, நகர்த்த முடியாது. நீளமான துண்டு என்றால் காய்ந்த ஈர்க்குகளை இரண்டுக்கும் இடையில் குறுக்காக வையுங்கள். லமினேட்டைச் சரியான இடத்தில் நிறுத்தி, விட்டுப்போகாமல் இருக்கும் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓர் ஈர்க்காக உருவி, உருவிய இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு வாருங்கள். காற்றுக் குமிழி வெளியே தள்ளுப்படும்.

அப்புறம் அழுத்தம். எவ்வளவு நேரம் அழுத்துகிறோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதே முக்கியம். ரப்பர் ரோலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் துணி சுற்றிய மரக்கட்டையை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள்.

விளிம்பு நன்றாக இருந்து, உள்ளே மட்டும் குமிழி இருந்தால் முழுதாக உரிக்க வேண்டாம். கோல வரி ஓடும் திசையில் பிளேட்டால் சின்னக் கீறல் போட்டு, பார்மசியில் வாங்கிய ஊசிக் குழாயால் வெள்ளைப் பைண்டர் பசையைச் செலுத்துங்கள். டி3 என்று அச்சிட்ட, ஈரம் தாங்கும் வகை. வழிந்ததை ஈரத்துணியால் துடைத்து, மேலே பொலித்தீனும் பலகையும் வைத்து, எதிர்ச்சுவருக்கு ஒரு தடி முட்டுக்கொடுத்து ஒரு நாள் விடுங்கள்.

துண்டு பிய்ந்து போயிருந்தால்

அதே நிறத்தில் தேடி அலையாதீர்கள். கிடைத்தாலும் பழையது வெளிறியிருக்கும், ஒட்டு பளிச்சென்று தெரியும். வாசலின் முழு நீளத்துக்கும் ஒரே அகலத்தில் நேர்க்கோடாக வெட்டி எடுத்துவிட்டு, வேறு நிறப் பட்டி ஒன்றை ஒட்டுவது எவ்வளவோ மேல். அல்லது 25 மில்லிமீற்றர் அலுமினிய ஆங்கிளால் (எல் வடிவப் பட்டியால்) மூடிவிடலாம். சுருங்கிய வைனிலுக்கும் ஆங்கிள்தான் சரி.

ஆங்கிளை நேராகத் திருகாணியால் முடுக்காமல், உட்பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு பொலியூரித்தேன் சீலன்ட் இட்டு உட்கார வையுங்கள். துளை போட்ட பிறகுதான் திருகாணி. திருகாணி ஸ்ரெயின்லெஸ் ஸ்டீல், கடற்கரையில் நிற்கும் வானென்றால் 316 தரம். அதன் தலைக்கு அடியிலும் ஒரு துளி சீலன்ட் தொடுங்கள். உப்புக் காற்றில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு நின்றால் அலுமினியம் அந்த இடத்தில் வெள்ளையாகப் பொரிந்து போகும்.

உள்ளே இருக்கும் டொய்லெட் கதவு

செய்முறை அதேதான், கவனிக்க வேண்டிய இடம் மட்டும் வேறு. இங்கே ஈரம் பெரும்பாலும் கீழிருந்து வரும். பலகையின் அடி தரையில் முட்டாமல் 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, அடிமுகத்துக்கும் எபொக்சி பூசி, இடைவெளியைச் சீலன்டால் நிரப்புங்கள். குளித்த பிறகு கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

வேலை முடிந்ததும் 24 மணித்தியாலம் வானை நிழலில், யன்னல் திறந்தபடி விடுங்கள். அதுவரை கதவை அடித்துச் சாத்த வேண்டாம். பிறகு வருடத்தில் இரண்டு தடவை, புரட்டாதியில் மழைக்கு முன் ஒருமுறை, மாசியில் மழை விட்ட பின் ஒருமுறை, அதே காசால் வாசலைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். பொள்ளென்ற சத்தம் விரலகலத்துக்குள் இருக்கும்போதே பிடித்தால், ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை.